இடது பக்கத்துக் கம்பி

என் படகுக்கு நான்தான் தலைவன் என்று துறைமுக அலுவலகம் நம்புகிறது. மீன்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. என் மனைவியிடம் நானே சொன்னேன். "சரிங்க" என்றாள். அவள் "சரிங்க" என்று சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருந்தால், அதற்குப் பிறகு நான் ஏன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்பது புரிந்திருக்கும்.

அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடுநடுவே நான் மூக்கை நுழைப்பேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் செய்த கோமாளித்தனங்களை எடுத்துவிட்டால் அவள் கதையில் பரபரப்பாக ஒன்றும் இருக்காது. அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தவள்.

எங்கள் தொழிலில் வலை கிடையாது. படகை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டே, பின்னால் நீள நீளமான எஃகுக் கம்பிகளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போவோம். கம்பி ஆழத்தில் நிற்க வேண்டுமே, அதற்காக நுனியில் ஒரு பெரிய ஈயக் குண்டு. கம்பி நெடுக, விட்டு விட்டு, தூண்டில் நரம்புகளைக் கொக்கியால் மாட்டி இறக்குவோம். கம்பியைச் சுற்றி மேலே எடுக்கப் படகின் பின்புறம் வலப்பக்கம் ஒரு டிரம், இடப்பக்கம் ஒரு டிரம். நடுவில் இடுப்பளவு ஒரு குழி. சுக்கானைத் தானாக ஓடும்படி பூட்டிவிட்டு, இரண்டு பேரும் அந்தக் குழிக்குள் இறங்கி நிற்போம். வலது டிரம் எனக்கு, இடது டிரம் அவளுக்கு. கல்யாணமான இரண்டு பேர் தினமும் இத்தனை நெருக்கமாக நிற்கிற இடம் வேறெங்கும் இருக்காது, சண்டை போட்டாலும் முதுகு உரசிக்கொண்டுதான் இருக்கும்.

அவள் படகுக்காரக் குடும்பத்துப் பெண். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், சின்ன வயதில் படகில் ஏறினாலே வாந்தி எடுப்பாராம். அதனால் அவள் அப்பா மகளைத்தான் அந்தக் குழிக்குள் நிறுத்தினார். பிறகு அண்ணனுக்கு வாந்தி நின்றது, படகு அவருக்குப் போனது, இவள் எனக்கு வந்தாள். இதில் யாருக்கு நஷ்டம் என்று அவள் இன்றுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

நான் என்ஜின் மெக்கானிக். அவள் அப்பாவின் படகில் டீசல் குழாய் அடைத்துக்கொண்டது என்று சரிசெய்யப் போனவன், அப்படியே மாப்பிள்ளையாகிவிட்டேன். துறைமுகத்தில் எனக்கு இன்றும் 'ஸ்பேனர்' என்றுதான் பெயர். சொந்தப் படகு வாங்கிய புதிதில், வாந்தி எடுத்தது போக மிச்ச நேரத்தில்தான் மீன் பிடித்தேன். நான் படகின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுக் கிடப்பேன். அவள் ஒரு கையால் தன் கம்பியைக் கவனித்துக்கொண்டே, மறு கையால் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருப்பாள். விழுந்தால் என்னைத் தேடப் படகைத் திருப்ப வேண்டும், கம்பியெல்லாம் சிக்கிக்கொள்ளும் என்பது அவள் சொன்ன காரணம்.

கம்பி ஏறும்போது அவளைப் பார்க்க வேண்டும். டிரம் சுற்றச் சுற்ற, இடது கையால் கம்பியை லேசாகப் பிடித்து, ஒரு சுற்றின் பக்கத்தில் அடுத்த சுற்று ஒட்டி உட்காரும்படி தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பாள். அந்தக் கைக்குத் தோல் உறை. மீனைக் கழற்றும் வலது கைக்கு ரப்பர் உறை. கடையில் ஜோடியாகத்தான் தருவார்கள் என்பதால் எங்கள் வீட்டில் உபயோகமில்லாத உறைகள் ஒரு மூட்டை கிடக்கின்றன. அவற்றைத் தூக்கிப்போடவும் விடமாட்டாள். இடுப்பில் ஒரு குறடு தொங்கும். பஸ்ஸில் ஏறினாலும் கடைசி வரிசைக்குப் போய் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். கோபம் வந்தால் பேசமாட்டாள். அரத்தை எடுத்துக்கொண்டு தூண்டில் முட்களைத் தீட்ட ஆரம்பித்துவிடுவாள். எங்கள் படகின் முட்கள் அந்தத் துறைமுகத்திலேயே மிகவும் கூரானவை என்று பெயர் எடுத்திருந்தன. யாராவது அதைப் பாராட்டினால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இனி கம்பியின் வியாதிக்கு வருகிறேன். இந்தக் கம்பியில் முறுக்கு ஏறிவிட்டால், இழுப்பில் இருக்கும்வரை சாதுவாகத்தான் இருக்கும். கொஞ்சம் தொய்வு கிடைத்ததோ போச்சு. தானாகவே துள்ளி ஒரு வளையம் போட்டுக்கொள்ளும். அந்த வளையம், கம்பி ஓடுகிற கப்பிக்குள் போய் இறுகினால் கம்பி அந்த இடத்தில் மடிந்துபோகும். அடுத்த பாரம் விழுந்ததும் டப்பென்று அறுந்துவிடும். குண்டு, தூண்டில், தொங்கிக்கொண்டிருக்கிற மீன் எல்லாம் ஒரே நொடியில் கடலோடு போய்விடும்.

இந்த வருடம் மீன் பருவம் தொடங்கும்போது என் பக்கத்து டிரம்முக்குப் புதுக் கம்பி போட்டேன். அவள் பக்கத்துக் கம்பி பழையது, போன வருடம் அவளும் மச்சானும் சேர்ந்து சுற்றியது. நியாயமாகப் பார்த்தால் அதுதான் தகராறு செய்ய வேண்டும். அதுவோ நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கி நேராக ஏறியது. என் புதுக் கம்பி முதல் வாரத்திலேயே துள்ள ஆரம்பித்தது. முதல் குண்டு போனபோது கடல் நீரோட்டம் சரியில்லை என்றேன். இரண்டாவது போனபோது கம்பி செய்த கம்பெனியைத் திட்டினேன். அதற்கப்புறம் எனக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டான்.

குண்டு தண்ணீருக்குள் சுழல்கிறது, அதனால்தான் கம்பி முறுக்கிக்கொள்கிறது என்று முடிவு செய்தேன். குண்டு சுழலாமல் இருக்க அதற்கு மீனுக்கு இருப்பதுபோல் ஒரு வால் தகடு வைக்க வேண்டும். இது நல்ல யோசனைதான், பலரும் செய்வதுதான். கொல்லைப்புறத்தில் அடுப்பை மூட்டி ஈயத்தை உருக்கி, தகரத் தகடு வைத்துக் குண்டு வார்த்தேன். ஈயம் ஆறும்போது தகடு துளி சாய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. கடலில் இறக்கியதும் அந்தக் குண்டு மேஜை மின்விசிறிபோலச் சுழன்றது. கம்பியும் குண்டும் சேருமிடத்தில் சுவிவல் என்று ஒரு சின்ன உருப்படி இருக்கும். குண்டு சுழன்றாலும் கம்பி சுழலாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய கிரேன் சங்கிலியிலிருந்து எடுத்த பெரிய சுவிவலை மாட்டினேன். யானையைக் கட்டினாலும் தாங்கும். யானையைக் கட்டினால்தான் சுழலும் என்பது பிறகு தெரிந்தது. உப்பு ஏறி இறுகிப்போய் அசையவே இல்லை.

அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் நான் கரையில் வந்து இறங்கும்போதெல்லாம் இன்றைக்கு என்ன கண்டுபிடித்தேன் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். நானும் மானம் ரோஷம் இல்லாமல் விளக்குவேன். அவள் பின்னால் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள்.

அப்போதுதான் மச்சான் வீட்டுக்கு வந்தார். அவருடைய படகில் பின்பக்க வேலைக்கு இருந்தவர் இடுப்பு வலி என்று விலகிவிட்டாராம். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை சுற்றி வளைத்துப் பேசினார். பிறகு தங்கையைப் பார்த்து, இந்தப் பருவம் முடியும்வரை தன் படகுக்கு வருகிறாயா என்று கேட்டார். என்னைப் பார்த்து, "தப்பா நெனைச்சுக்காதீங்க மாப்பிள்ளை" என்றார். நான் தாராள மனசுக்காரன் மாதிரி சிரித்தேன். அவள் போகமாட்டேன் என்று சொல்வாள் என்று அவ்வளவு நம்பிக்கை.

அவள் சொன்னது, "ஞாயித்துக்கிழமை சொல்றேண்ணே."

அவள் இல்லாமல் அந்தக் குழிக்குள் நிற்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. வேலைக்கு ஆள் கிடைப்பார்கள், அது பிரச்சினை இல்லை. அவள் என்னை விட்டுவிட்டு இன்னொரு படகில், என் கண்ணெதிரே கடலில் போய்வருவாள். அதை என்னால் தாங்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதற்கெல்லாம் காரணம் அந்தப் பாழாய்ப்போன கம்பிதான் என்று எனக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது. நாள் முழுக்க அறுந்த கம்பியோடு மல்லுக்கட்டும் படகில் யார்தான் இருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் முறுக்கை ஒழித்துவிட்டால் அவள் இருந்துவிடுவாள். அவளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. நான் மெக்கானிக், என்ஜினைக் கேட்டா பழுது பார்க்கிறேன்?

முறுக்கை எடுக்க நிஜமாகவே ஒரு வழி உண்டு. ஆழமான இடத்துக்குப் போய், தூண்டில் எதுவும் மாட்டாமல், நல்ல சுவிவலில் குண்டைக் கட்டி, கம்பி முழுவதையும் கடலுக்குள் இறக்கிவிட்டு மெதுவாக இழுத்துப்போக வேண்டும். ஏறியிருக்கிற முறுக்கெல்லாம் நுனி வழியாக மெல்ல மெல்லக் கழன்றுவிடும். டிரம்மில் கடைசிச் சில சுற்றுகளை மட்டும் விட்டுவைப்பார்கள்.

சனிக்கிழமை அதைச் செய்தோம். காலை வெயில், கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் அசையாமல் கிடந்தது. கம்பி இறங்க இறங்க எனக்கு உற்சாகம் ஏறியது. கடைசிச் சுற்றுகள் வந்ததும் அவள், "போதுங்க" என்றாள். அந்தச் சுற்றுகளில் இருக்கும் முறுக்கு மட்டும் யாருக்கு என்று எனக்குள் ஒரு கேள்வி. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா? பிரேக்கை முழுசாகத் திறந்துவிட்டேன்.

கம்பியின் அடி நுனியை டிரம்மோடு ஆணி வைத்து முடுக்க வேண்டும். புதுக் கம்பி சுற்றிய அன்று அவசரத்தில் பிளாஸ்டிக் டேப் போட்டு ஒட்டியிருந்தேன், அப்புறம் முடுக்கிக்கொள்ளலாம் என்று. அந்த அப்புறம் வரவே இல்லை. டேப் 'சட்'டென்று கழன்றது. கம்பியின் வால் ஒருமுறை மேலே துள்ளி, கப்பியைத் தாண்டி, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் நழுவியது. கம்பி, குண்டு, புது சுவிவல், எல்லாம் போய்விட்டன. காலி டிரம் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது. முறுக்கு அடியோடு ஒழிந்தது என்னமோ உண்மை.

நான் திரும்பி இடது பக்கம் பார்த்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை.

"இப்பக்கூடவா?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. என்ன இப்பக்கூடவா என்று கேட்டேன். அவள் கையுறைகளைக் கழற்றி விளிம்பில் வைத்தாள்.

"கம்பி முறுக்கினா முறுக்கட்டும். எங்கப்பா கம்பியும் அறுந்திருக்கு, அண்ணன் கம்பியும் அறுந்திருக்கு. ஆனா உங்க கம்பி அறுந்தா நீங்க கடலைப் பாக்கறதில்ல, டிரம்மைப் பாக்கறதில்ல. ஒடனே திரும்பி என்னைப் பாக்கறீங்க. 'நீ என்னடி பண்ணினே'ன்னு கேக்கற மாதிரி. இத்தனை வருஷமா பாக்கறீங்க. எனக்கு அலுத்துப்போச்சுங்க. நான் அண்ணன் படகுக்குப் போறேன்."

நான் அப்படியெல்லாம் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லும்போதும் அவளைத்தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் கம்பியை இறக்கப் போனாள். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு காலி டிரம் பக்கத்தில் நின்றேன். இத்தனை நாளாக நான் செய்த ஆராய்ச்சியெல்லாம் வீண். நான் பழுது பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு இயந்திரத்தை.

அண்ணன் படகுக்குப் போவதற்கு முன்னால் அவள் எனக்குப் புதுக் கம்பி போட்டுக் கொடுத்தாள். இது அவளுடைய குணம், விலகிப் போகிறவள் வேலையைக் குறை வைக்கமாட்டாள். கடையிலிருந்து வந்த சுருளை நான் வழக்கம்போலப் படகின் தளத்தில் படுக்கப் போட்டு, நுனியை எடுத்து இழுக்கப் போனேன். அவள் சுருளை நிமிர்த்தி, நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, இரண்டு மீன் பெட்டிகளுக்கு நடுவே குறுக்காக வைத்தாள். ஒரு பழைய துணியைச் சுருளின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சுத்துங்க" என்றாள்.

நான் டிரம்மைச் சுற்றினேன். சுருள் சக்கரம்போல உருண்டு உருண்டு கம்பியை விட்டது. கம்பி ஒரு துடிப்பில்லாமல், படுக்கப்போன குழந்தைபோல டிரம்மில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. சுருளைப் படுக்கப் போட்டு மேலிருந்து உருவினால், உருவுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கம்பியில் ஏறிவிடும். உருட்டித்தான் விட வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் சுற்ற, ஒருவர் இழுத்துப் பிடிக்க. பருவத்தின் தொடக்கத்தில் நான் அதைத் தனியாகத்தான் செய்தேன். அன்றைக்கு அவள் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, இருங்க, நான் வந்து பிடிக்கிறேன் என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரியும் போ என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நீரோட்டமும் இல்லை, கம்பெனியும் இல்லை, குண்டும் இல்லை. அத்தனை முறுக்கையும் என் கையாலேயே ஏற்றிவைத்துவிட்டு, அது துள்ளியபோதெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சுற்றத் தொடங்கும் முன்பு மட்டும் ஆணியை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அதற்குள் அடி நுனியை முடுக்கியிருந்தேன். அதைக் காட்டினேன். சரிங்க என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து என் படகின் இடது பக்கத்துக்கு ஒரு புது ஆள் வந்தார். நல்ல ஆகிருதி, நல்ல உழைப்பு, பேச்சு குறைவு. எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான், என்னிடம் குறை கண்டுபிடிக்க என் பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. கம்பிகள் இரண்டு பக்கமும் நேராக ஓடின. ஒரு முறுக்குகூடக் கிடையாது. வளையம் விழவில்லை, குண்டு போகவில்லை. படகுக்காரர்கள் கரையில் விசாரித்தால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

தூரத்தில் மச்சானின் படகு தெரியும். பின்பக்கக் குழியில் இடது ஓரத்தில் ஒரு சின்ன உருவம். நான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில்லை, கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் ஒரு பெரிய மீன் என் தூண்டிலில் மாட்டி, நான் கழற்றும்போது கை நழுவி, கொக்கியோடு கடலில் விழுந்தது. முழுக்க முழுக்க என் தப்பு. நான் திரும்பினேன். அந்தப் பெரிய மனிதர், டிரம்மை நிறுத்திவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், அவர் அப்படிக் கைகளைத் தூக்குவது அது முதல் தடவை இல்லை என்பது எனக்கு உறைத்தது. வந்த நாளிலிருந்து தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சோம்பல் முறிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். தெரியாத ஒரு மனிதரே சில நாட்களில் கற்றுக்கொண்ட அளவுக்கு என் பார்வை இருந்திருக்கிறது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, போன முதலாளி கெட்ட வார்த்தையே சொல்வார் என்று ஆறுதல் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், அவளிடம் இதை நடித்தே காட்டினேன். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, அந்த ஆளின் முகத்தையும் வைத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். எனக்குத் தைரியம் வந்தது. திரும்பி வந்துவிடு என்று கேட்க இதுதான் நேரம் என்று நினைத்தேன். நேராகக் கேட்க வெட்கமாக இருந்ததால் விளையாட்டாகத் தொடங்கினேன்.

"அந்தாளு வந்த நாள்லேர்ந்து கையைத் தூக்கறாரு. நீ இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தூக்கலையே. தூக்கியிருந்தா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்குமில்ல?"

அவள் சிரிப்பு நின்றது. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எப்படிங்க தூக்கறது? என் கையில கம்பி ஓடிட்டிருக்குமே."

நான் உட்கார்ந்தேன். திரும்பி வா என்று அன்றைக்கு அவளைக் கேட்கவில்லை.